பன்னிரண்டு என்று சொன்னேன்

இடுப்பெலும்பு முறிந்து ஆம்புலன்ஸில் ஏறும்போது
கர்னீலியஸ் ஃபேர் என் கையில் திணித்தது
கோழிக்கூட்டின் சாவியை.
வீட்டைப் பூட்டியிருக்கிறானா என்பதே அவனுக்கு நினைவில்லை.
"ஒரு வாரம்தான், ஒடார்க்கா" என்றான்.
சஸ்காட்சுவானின் ஜனவரிக்கு
வாரம் என்றால் என்னவென்று தெரியாது.

சிவப்பு பல்பை ராத்திரி பூரா எரியவிடு,
கூரைக்குக் கீழே இருக்கிற பொந்தைச் சாக்கால் அடை,
நூலளவு காற்றும் நுழையக் கூடாது.
ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி சொல்லிக்கொண்டே போனான்.
தலையாட்டினேன்.
இருபது வருடமாக ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
அவனுக்குத் தலையாட்டிப் பழகியவள்.

மறுநாள் கதவைத் திறந்தால்
உள்ளே மழைக்காலம்.
கூரை ஆணி ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பனிமணி.
பன்னிரண்டு உயிர்களின் மூச்சும் எச்சமும்
போக்கிடமில்லாமல் தேங்கிக்
கண்ணைக் கரித்தன.
பிஷப்புக்கு, அதாவது சேவலுக்கு,
கொண்டை நுனி எரிந்த திரிபோல் கறுத்திருந்தது.
குளிர் தனியாகக் கடித்ததில்லை அது.
ஈரம் கூட்டுச் சேர்ந்து கடித்தது.

சாக்கைப் பிடுங்கினேன்.
பல்பையும் கழற்றினேன்.
போன டிசம்பரில் பெட்கௌ வீட்டுக் கூட்டில்
இப்படியொரு பல்பு வைக்கோலில் விழுந்ததை,
பனி முழங்காலளவு கிடந்தும்
அணைக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றதை
பார்த்திருக்கிறேன்.

பிறகு இரண்டு ரப்பர் கிண்ணங்கள்:
ஒன்று அங்கே உறையும், ஒன்று என் சமையலறையில் உருகும்.
பொழுது சாயும்போது ஒரு கை மக்காச்சோளம்,
விடியும்வரை வயிற்றுக்குள் எரிகிற அடுப்பு.
பரணுக்கு அகலப் பலகை,
உட்கார்ந்தால் வயிறு விரல்களை மூடிக்கொள்ளும்.
பிஷப்புக்குக் கொண்டையில் வாசலின்.
அவருடைய கையெழுத்து
என் முழங்கையில் இன்னும் இருக்கிறது.

தினமும் எட்டு மணிக்கு வார்டிலிருந்து போன்.
"பல்பு எரியுதா?"
எரியுது.
"பொந்து?"
அடைச்சாச்சு.
"எத்தனை?"
பன்னிரண்டு.
இடுப்பு எப்படி என்று நான் கேட்டால்
ஜன்னலில் தெரியும் கார் நிறுத்தத்தைப் பற்றிச் சொல்வான்.

பிப்ரவரி ஒன்பது. மைனஸ் நாற்பத்தொன்று.
கரண்ட் போனது, ஏழு மணி நேரம்.
இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு
டார்ச்சோடு கூட்டுக்குள் போய் உட்கார்ந்தேன்.
தலை எது வால் எது என்று தெரியாத
இறகுப் பந்துகள், வரிசையாக.
ஒருத்தியின் சிறகுக்கடியில் கைவிட்டேன்,
சுட்டது.
மேலே, பொந்து வழியாக,
அவற்றின் மூச்சு மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது.
நான் செய்தது சரி என்று
அப்போது எனக்குத் தெரியாது.
அந்தச் சாக்கை இரண்டு முறை கையில் எடுத்தேன்.
இரண்டு முறை கீழே வைத்தேன்.

விடிந்தபோது
பரணின் ஓரத்தில் இருப்பவள், மெலிந்த வெள்ளை லெக்ஹார்ன்,
கீழே வைக்கோலில் கிடந்தாள்.
மற்றவை நகர்ந்து நெருங்கி
அவள் இடத்தை ஏற்கெனவே நிரப்பியிருந்தன.

அன்று எட்டு மணிக்கு,
"எத்தனை?"
பன்னிரண்டு என்று சொன்னேன்.

மார்ச்சில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
முதலில் பொந்தைப் பார்த்தான், அதில் வானம்.
பிறகு வெறும் கொக்கியை.
பிறகு உதடசைத்து எண்ணினான்.
மறுபடியும் எண்ணினான்.

"பல்பு எப்போ போச்சு?"
"நீ ஆம்புலன்ஸ்ல ஏறின அன்னைக்கு."
வைக்கோலை ஒரு பிடி எடுத்து முகர்ந்தான்.
காய்ந்திருந்தது.
"அவ எங்கே?"
"விறகுக் குவியல் மேல, மூடி போட்ட பெயிண்ட் வாளியில.
மண் இன்னும் இளகலை."

"ஏப்ரல்ல தோண்டலாம்" என்றான்.
வெறும் கொக்கியில் தன் தொப்பியை மாட்டிவிட்டு
முட்டை பொறுக்கக் குனியப் பார்த்தான்.
இடுப்பு விடவில்லை.
நான் குனிந்தேன்.